சிள்வண்டு வரைபடம்: ஓர் இயலை நீக்குவதற்கான காரணங்கள்

என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை நீக்கிவிட முடிவு செய்திருக்கிறேன். அந்த இயலின் நடுவில் ஒரு வரைபடம் இருக்கிறது. இந்தியாவின் சிள்வண்டுப் பல்வகைமையை வண்ணங்களாகத் தீட்டிக் காட்டும் படம் அது. வடகிழக்கு மலைகள் அடர்சிவப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பாதி செம்மஞ்சள். இமயத்தின் அடிவாரம் நெடுக ஒரு மெல்லிய சிவப்புக் கோடு. நடுவிந்தியாவும் தக்காணமும் ஏறக்குறைய வெள்ளை. கருத்தரங்குகளில் காட்டியபோதெல்லாம் அந்தப் படத்திற்குத்தான் தலைகள் அசைந்தன. ஆய்வுக்குழுவும் அதை மெச்சியது. முதலில் இதைக் கட்டுரையாக வெளியிடுங்கள் என்றார் ஒரு பேராசிரியர். நீக்கப்போகிறேன் என்று சொன்னதும் காரணம் கேட்ட நண்பர்களுக்கு உள்பெட்டியில் தனித்தனியே எழுதிச் சோர்ந்துபோய், இங்கே பொதுவில் எழுதுகிறேன். ஓர் ஆய்வேட்டின் ஓர் இயலோடு முடிந்துவிடும் சிக்கலாக இருந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

படம் உருவான விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியச் சிள்வண்டுகளைப் பற்றி எழுத உட்காரும் எவருக்கும் தொடக்கம் வில்லியம் லூகாஸ் டிஸ்டன்ட்தான். லண்டனில் தோல் பதனிடும் தொழிலில் இருந்துகொண்டே பூச்சியியலில் மூழ்கியவர். 1889 முதல் 1892 வரை பகுதி பகுதியாக வெளிவந்த கீழைநாட்டுச் சிள்வண்டுகள் பற்றிய அவருடைய தனிநூலும், 'பிரிட்டிஷ் இந்தியாவின் விலங்கினங்கள்' வரிசையில் 1906-இல் வந்த தொகுதியும் இன்றும் எங்கள் மேசையை விட்டு நகராதவை. 2016-இல் பெஞ்சமின் பிரைஸ், கிருஷ்ணமேக் குண்டே முதலானோர் சேர்ந்து இந்தியா, வங்கதேசம், பூட்டான், மியான்மர், நேபாளம், இலங்கை ஆகிய நாடுகளின் சிள்வண்டுகளுக்கு ஒரு பட்டியல் தொகுத்தார்கள். ஏறக்குறைய 280 சிற்றினங்கள். அது தற்காலிகப் பட்டியல் என்று தலைப்பிலேயே நேர்மையாக அறிவித்தும் இருந்தார்கள். அந்தத் 'தற்காலிக' என்ற சொல்லைத்தான் என்னைப் போன்றவர்கள் படிக்காமல் தாண்டிப்போனோம்.

பழைய நூல்களிலும் அருங்காட்சியகச் சீட்டுகளிலும் உள்ள ஊர்ப்பெயர்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அட்சரேகை தீர்க்கரேகை கொடுத்து, மழையளவு, வெப்பநிலை, உயரம் ஆகியவற்றோடு சேர்த்து மேக்ஸென்ட் மென்பொருளில் இட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். சீட்டுகள் எல்லாம் ஊர்ப்பெயர் சொல்லும் சீட்டுகளாகவும் இல்லை. ஒன்றில் 'அசாம்' என்று மட்டும் இருக்கும். அக்காலத்து அசாமில் இன்றைய மேகாலயத்தின் காசி மலையும் அடக்கம், நாகா மலையும் அடக்கம். ஆனாலும் மென்பொருளுக்கு ஒரு புள்ளி வேண்டும். மாநிலத்தின் நடுப்புள்ளியைக் கொடுத்தேன். பல மாதங்கள் கழித்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்தச் சிள்வண்டு பிரம்மபுத்திராவின் நடு ஆற்றில் வாழ்ந்துகொண்டிருந்தது.

சிரித்துவிட்டுத் திருத்திவிடலாம், திருத்தினேன். திருத்த முடியாதது வேறொன்று. புள்ளிகளை மட்டும் தனியே பரப்பிப் பார்த்தால், அவை தார்ஜிலிங், சிக்கிம், காசி மலை, நாகா மலை, முசௌரி, நீலகிரி என்று குவிகின்றன. கோடை வெயிலுக்குத் தப்பி ஆட்சியாளர்கள் ஏறிய மலைகளும், தேயிலை நட்ட சரிவுகளும், படை நடந்த எல்லைகளும் இவை. ஒரு பேரினத்துக்கு டிஸ்டன்ட் இட்ட பெயரே 'அங்காமியானா'. அங்காமி நாகர்களின் பெயரை ஒரு சிள்வண்டு சுமக்கிறது என்றால், அந்த மலைக்குள் அப்போது யார், எதற்காகப் போனார்கள் என்ற வரலாறும் அதோடு சேர்ந்தே வருகிறது. பஸ்தரின் காடுகளுக்கோ தெலங்கானாவின் தேக்கங்காடுகளுக்கோ வலையோடு போனவர்கள் மிகக் குறைவு. மென்பொருள் இதை எப்படி அறியும்? குளிர்ந்த, மழை மிகுந்த மலைகளில் புள்ளிகள் இருப்பதைப் பார்த்துச் சிள்வண்டுகள் குளிர்ந்த, மழை மிகுந்த மலைகளை விரும்புகின்றன என்று முடிவு செய்தது. உண்மையில் அவற்றை விரும்பியவர்கள் சேகரிப்பாளர்கள்.

வடகிழக்கில் சிற்றினங்கள் அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. இந்தோ-மலாய நிலப்பகுதியின் வாசலாக அமைந்த அந்த மலைகளில் அதிகம் இருக்கவே செய்யும். என் ஐயமெல்லாம் அந்த வெள்ளைப் பரப்பின் மீதுதான். அங்கே இல்லை என்று தெரிந்து வெள்ளை தீட்டினோமா, அங்கே யாரும் போகவில்லை என்பதற்கு வெள்ளை தீட்டினோமா? இரண்டுக்கும் ஒரே வண்ணத்தைக் கொடுத்துவிட்டு, அதைப் 'பல்வகைமை குறைந்த பகுதி' என்று விளக்கக் குறிப்பில் எழுதினேன். அந்தச் சொற்றொடரை எழுதிய நாளை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. தமிழ் படித்தவனாக இருந்தும் எழுதினேன் என்பது கூடுதல் வெட்கம். சங்கப் பாடல்களில் 'சிள்வீடு' என்னும் பூச்சி வருகிறது. குறிஞ்சியின் மழைக்காட்டை விட்டுவிட்டு, பாலை நிலத்தின் வறண்ட மரங்களோடு அதைச் சேர்த்துச் சொல்கிறார்கள். சங்கப் பாடலைப் பரவல் தரவாக எந்த மென்பொருளும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. ஆனால் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வறண்ட நிலத்தில் நின்று ஒருவர் கேட்டிருக்கிறார் என்பது, அங்கே ஒருமுறை போய் நின்று கேட்டுவிட்டு வண்ணம் தீட்டலாமே என்ற எண்ணத்தையாவது எனக்குத் தந்திருக்கவேண்டும்.

கேட்பதைப் பற்றித்தான் அடுத்துச் சொல்லவேண்டும். துறை சாராத நண்பர்களுக்காகச் சுருக்கமாக: சிள்வண்டு பெயரளவில்தான் வண்டு. மூட்டைப்பூச்சியும் அசுவினியும் அடங்கிய ஹெமிப்டெரா வரிசையைச் சேர்ந்தது. இரவில் வீட்டுச் சுவரோரம் கிறீச்சிடும் பாச்சை அதற்கு எந்த உறவும் இல்லை. பாச்சை இறக்கைகளை உரசி ஒலி எழுப்புகிறது. சிள்வண்டில் ஆணின் வயிற்றின் முதல் கண்டத்தில் இருபுறமும் ஒவ்வொரு விலாவரித் தகடு உண்டு. உள்ளிருக்கும் தசை இழுக்கும்போது தகடு உள்வாங்கிச் சொடுக்குகிறது, விடும்போது மீள்கிறது. நொடிக்குப் பலநூறு முறை நிகழும் இந்தச் சொடுக்கை, ஏறக்குறைய வெறுமையாக இருக்கும் வயிறு ஒரு குடம்போலப் பெருக்கித் தருகிறது. பெண் அந்த ஒலியை நாடித்தான் வருகிறது. ஆகவே ஒரு சிற்றினத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையிலுள்ள வேலி பல நேரங்களில் உடலைவிடப் பாட்டில்தான் தெளிவாகத் தெரியும்.

டிஸ்டன்ட்டின் மேசைக்கு வந்தவை உலர்ந்த உடல்கள். இறக்கையின் புள்ளிகளையும் முதுகின் கோடுகளையும் பார்த்து அவர் செய்யக்கூடிய அனைத்தையும் செய்தார். அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. நியூசிலாந்தில் 1960-களிலும் 70-களிலும் சார்லஸ் ஃப்ளெமிங்கும் ஜான் டக்டேலும் ஒலிப்பதிவுக் கருவியோடு இறங்கியபோது, ஒன்று என்று கருதப்பட்டவை பாட்டால் பலவாகப் பிரிந்தன. ஃப்ளெமிங் தொழிலால் நிலவியலாளர் என்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். நம்மிடம் அப்படியொரு காலம் இப்போதுதான் தொடங்குகிறது. அதன் முதல் விளைச்சல்களில் ஒன்று கேரளத்திலிருந்து வந்தது. தென்னிந்தியாவின் ஒரு சிள்வண்டை நூற்றாண்டுக்கும் மேலாக 'புராணா டைக்ரினா' என்று அழைத்துவந்தோம். அந்தப் பெயர் மலேசியச் சிற்றினத்துக்கு உரியது. இங்கே இருப்பது வேறு என்று அண்மையில் உறுதிசெய்து, அதற்குப் 'புராணா சீவீடா' என்று பெயரிட்டிருக்கிறார்கள். சிள்வண்டுக்கு மலையாளத்தில் 'சீவீடு' என்று பெயர். நம் சங்கச் 'சிள்வீடு' அதன் பக்கத்தில் அக்காள் தங்கைபோல நிற்பதைத் தமிழறிந்தவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

பெயர் மாற்றம் என்பது சீட்டு மாற்றும் வேலை மட்டும் என்று நினைப்பவர்கள் பரவல் வரைபடத்தின் மீது அதன் விளைவைப் பார்க்கவேண்டும். மலேசியாவிலிருந்து கேரளம்வரை பரவிய ஒரு பூச்சி என்று நேற்றுவரை படத்தில் இருந்தது. அவ்வளவு அகலமாகப் பரவிய பூச்சியின் பாதுகாப்பைப் பற்றி யாரும் கவலைப்படமாட்டார்கள். இன்றைக்கு அது இந்தப் பக்கத்து மலைகளுக்கே உரிய, வேறெங்கும் இருப்பதாக அறியப்படாத சிற்றினம். பூச்சி நகரவில்லை, காடு மாறவில்லை, ஒருவர் உற்றுக் கவனித்தார், படம் தலைகீழானது. என் இரண்டாம் இயலில் இருக்கும் சிற்றினங்களில் இன்னும் எத்தனை இப்படி இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டேன். அதற்குப் பதில் சொல்ல முடியாதபோது, அந்த எண்ணிக்கையை மூன்று தசம இலக்கத்துக்குக் கணக்கிட்ட பல்வகைமைக் குறியீடாக எப்படி அச்சிடுவது?

அமைதிப் பள்ளத்தாக்கின் பெயரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பாலக்காட்டு மலையில் குந்திப்புழா ஓடும் அந்தக் காட்டைப் புனல்மின் திட்டத்திலிருந்து மீட்ட போராட்டமும், 1984-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும் நமக்கெல்லாம் பாடம். பெயர்க்காரணமாகச் சொல்லப்படும் கதைகள் பல. சைரந்திரி வனம் என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் திரிந்தது என்பது ஒன்று. சிங்கவால் குரங்கின் அறிவியல் பெயரோடு முடிச்சுப் போடுவது இன்னொன்று. எல்லாவற்றையும்விடப் பரவலாகச் சொல்லப்படுவது, அங்கே சிள்வண்டுகளின் இரைச்சல் இல்லாததால் வெள்ளையர் அப்படிப் பெயரிட்டார்கள் என்பது. அதை ஒட்டி, தொடப்படாத காட்டில் சிள்வண்டு இருக்காது என்றொரு நம்பிக்கையும் உலவுகிறது. ஆனால் அந்தக் காட்டில் சிள்வண்டு உண்டு. வரவேண்டிய பருவத்தில் போய் நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் ஏதோ ஒரு மாதத்தில் போனார், கேட்கவில்லை, இல்லை என்று எழுதினார், அது பெயராகவே நிலைத்துவிட்டது. என் வரைபடத்தின் வெள்ளைப் பரப்பும் அதே முறையில்தான் உருவானது. அந்தப் பயணியிடம் மென்பொருள் இருக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

'ஏதோ ஒரு மாதத்தில்' என்றேன். சிள்வண்டைப் பொறுத்தவரை மாதம்கூடப் போதாது; 'ஏதோ ஓர் ஆண்டில்' என்று சொல்லவேண்டும். நாம் கேட்கும் பாட்டு அதன் வாழ்வின் கடைசிச் சில வாரங்கள். பெண் சிறுகிளைகளைக் கீறி முட்டையிடுகிறது. பொரிந்து வரும் இளவுயிரி தரையில் விழுந்து மண்ணுக்குள் புகுந்து, வேர்களில் மேலேறும் சைலம் நீரை உறிஞ்சியே வளர்கிறது. அந்த நீரில் சத்து மிகக் குறைவு. வளர்ச்சியும் அதற்கேற்ப மெதுவாகவே நடக்கிறது. ஐந்து பருவங்கள் கடந்து, ஒரு மாலையில் மேலே வந்து, மரத்தில் ஏறிச் சட்டை உரித்து, இறக்கை உலர்ந்து பறக்கிறது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வாழும் மேஜிசிகாடா 13 ஆண்டுகளுக்கும் 17 ஆண்டுகளுக்கும் ஒருமுறை இலட்சக்கணக்கில் மேலே வருவது உலகம் அறிந்த செய்தி. 2024-இல் அவற்றின் இரு கூட்டங்கள் 1803-க்குப் பிறகு முதன்முறையாக ஒரே ஆண்டில் வெளிவந்தன. நாளிதழ்கள் எல்லாம் எழுதின. வெப்பமண்டலச் சிள்வண்டுகளில் பெரும்பாலானவை மண்ணுக்குள் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்று எழுதுவதற்கு எவரிடமும் எதுவும் இல்லை. கணக்கு உறுதியாகத் தெரிந்தவை மிகச் சில. ஃபிஜித் தீவின் 'நனாய்' 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அந்நாட்டார் தங்கள் 100 டாலர் தாளிலேயே அதை அச்சிட்டார்கள். இன்னொன்று நம் மேகாலயத்தின் ரி-போய் மாவட்டத்தில் 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது.

அதை அங்குள்ளவர்கள் 'நியாங்தாசெர்' என்கிறார்கள். 2006, 2010, 2014, 2018, 2022. உலகக்கோப்பைக் கால்பந்தின் ஆண்டுகளோடு அப்படியே பொருந்துவதால் உலகக்கோப்பைச் சிள்வண்டு என்று செல்லப்பெயரும் உண்டு. சுதன்யா ராய் ஹாஜோங்கும் சல்மா யாக்கோப்பும் 2013-இல் அதைப் புதிய சிற்றினமாக விவரித்து, மாவட்டத்தின் பெயராலேயே 'கிரெமிஸ்டிகா ரிபோய்' என்று பெயரிட்டார்கள். அறிவியலுக்கு அது 2013-இல் பிறந்தது. ஊருக்கு அது எப்போதும் இருந்தது.

2022-இல் ஆய்வில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு மாணவனாக நான் அங்கே போயிருந்தேன். இருட்டத் தொடங்கியதும் ஊரே விளக்குகளோடு காட்டுக்குள் இறங்கியது. குழந்தைகள் முன்னால் ஓடினார்கள். அடிமரங்களில் ஏறிக்கொண்டிருந்தவற்றை விரல்களால் அலுங்காமல் எடுத்துப் பைகளில் இட்டார்கள். அவர்களுக்கு அது நான்காண்டுக்கு ஒருமுறை வரும் உணவு. வறுத்ததை எனக்கும் கொடுத்தார்கள். சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. மூத்த பெண்மணி ஒருவரிடம் (மரியாதையாக எல்லாரும் 'கொங்' என்று அழைத்தார்கள்) நான்காண்டுக் கணக்கை எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று நண்பரை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன். மூத்த மகன் நியாங்தாசெர் வந்த ஆண்டில் பிறந்தவன், அடுத்தவள் அடுத்த வருகைக்கு முந்தைய ஆண்டு, கணவர் இறந்தது வருகைக்கு மறு ஆண்டு என்று விரல்விட்டு எண்ணினார். கால்பந்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. குறிப்பேட்டில் 'பேட்டி, ஒருவர்' என்று எழுதிக்கொண்டேன். ஆய்வேட்டில் அது ஓர் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறவில்லை. ஆய்வுக்குழு கேட்டது இடப்புள்ளிகளை. பல பத்தாண்டுகளின் வருகைப் பதிவு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, லண்டன் சீட்டில் 'அசாம்' என்று இருந்ததற்கு நான் புள்ளி தேடிக்கொண்டிருந்தேன்.

இதில் நம் ஆய்வமைப்பின் காலக்கணக்கு எங்கே பொருந்துகிறது? இளநிலை, முதுநிலை உதவித்தொகை இரண்டும் சேர்ந்து ஐந்தாண்டு. ஆய்வுத்திட்டங்களுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டு. முதலாண்டு கருவி வாங்கவும் அனுமதி பெறவும் போய்விடும். நியாங்தாசெர் வாழும் காட்டில் 2019-இல் தொடங்கி 2021-இல் முடியும் திட்டம் ஒன்று முறையாகக் கணக்கெடுத்திருந்தால், அதன் அறிக்கையில் அந்தப் பூச்சியே இருந்திருக்காது. முறையியலில் எந்தக் குறையும் இல்லாமலே இருந்திருக்காது. அந்த அறிக்கையை நம்பி ஒரு சாலைக்கோ, கல்குவாரிக்கோ, தோட்டப் பயிருக்கோ மண்ணைப் புரட்டினால், மேலே எவர் கண்ணிலும் படாத ஒரு தலைமுறை முழுவதும் கீழேயே அழியும். மறுபடி வரவேண்டிய ஆண்டில் வரவில்லை என்பதைக் கவனிக்கவும் ஆள் இருக்காது, அந்தக் கொங்கைப் போன்றவர்களைத் தவிர. பறவைகளுக்கும் புலிகளுக்கும் வகுத்த கணக்கெடுப்பு முறையை அப்படியே எடுத்துப் பூச்சிகளின் மீது போர்த்துவதில் உள்ள ஆபத்து இதுதான்.

ஒலிப்பதிவுக் கருவிகள் இந்தக் குறையைத் தீர்த்துவிடும் என்று நானும் நம்பினேன். ஓரளவு தீர்க்கும். மரத்தில் கட்டிவிட்டு வந்தால் மாதக்கணக்கில் தானே பதியும் கருவிகள் இன்று மாணவருக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. வெப்பமண்டலக் காட்டில் சிள்வண்டுகள் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டு பாடுவதை மத்தியா கோகலாவும் கிளாவுஸ் ரீடேயும் மலேசியாவின் தெமெங்கோர் காட்டிலும் சபாவிலும் பதிந்து 1995-இல் வெளியிட்டார்கள்: விடியலில் ஒன்று, அது ஓய்ந்ததும் இன்னொன்று, மாலை மங்கும் நேரத்துக்கென்றே ஒன்று. ஒரே இடத்தில் 24 மணிநேரப் பதிவு இருந்தால் ஒரு காட்டின் சிள்வண்டுகளை ஏறக்குறைய வரிசைப்படுத்திவிடலாம். ஆனால் நம் நாட்டு ஒலிச்சூழல் ஆய்வுகளில் பெரும்பாலும் என்ன நடக்கிறது தெரியுமா? பறவைகளின் குரலைத் தெளிவாக எடுக்கவேண்டும் என்பதற்காகச் சிள்வண்டு பாடும் அலைவரிசைகளை முதலிலேயே வெட்டி எறிகிறோம். தரவுத் தூய்மையாக்கல் என்று அதற்குப் பெயர். எங்கள் ஆய்வகத்திலேயே நான் அந்த நிரலை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிள்வண்டைப் பற்றி ஆய்வேடு எழுதும் ஒருவன், பக்கத்து மேசைத் தோழிக்காகச் சிள்வண்டை இரைச்சல் என்று நீக்கும் நிரலை எழுதினான்.

அதைப் பறவைகள்கூட இரைச்சல் என்று ஒதுக்கிவிடவில்லை என்பதே சுவையான செய்தி. கோஸ்டா ரிக்காவின் மழைக்காட்டில் ஒரு சிள்வண்டு பாடத் தொடங்கியதும், அதன் அலைவரிசையோடு மோதக்கூடிய பறவைகள் குரலை நிறுத்திக்கொள்வதை 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. எனில், சிள்வண்டை வெட்டிவிட்டுப் பறவையை மட்டும் வைத்துக்கொண்ட பதிவில் பறவையின் மௌனத்துக்கும் காரணம் தெரியாமல் போகும். அந்த வெட்டிய பகுதிகள் நம் ஆய்வகங்களின் வன்தட்டுகளில் எத்தனையோ ஆண்டுகளாகக் கிடக்கின்றன. தயவுசெய்து அவற்றை அழித்துவிடாதீர்கள். மூலக் கோப்புகளை வைத்திருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு எதிராகச் சொல்லப்பட்டதையும் எழுதவேண்டும். தரவு குறைவு என்பதற்காகக் கைகட்டி உட்கார முடியாது, குறைந்த தரவில் வரையும் படம்தான் அடுத்துக் களத்துக்கு எங்கே போகவேண்டும் என்று சொல்லும் என்றார் என் நெறியாளர். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்தப் படத்தைக் களப்பயணத் திட்டத்துக்கான கைக்குறிப்பாக வைத்துக்கொள்ள எனக்குத் தடை இல்லை. ஆனால் நடைமுறையில் அது அப்படி இருப்பதில்லை. அச்சானதும் அது முடிவாகிவிடுகிறது. பிறர் அதை மேற்கோள் காட்டி, சிவப்பு இருக்கும் இடத்துக்கே மீண்டும் ஆட்களை அனுப்புகிறார்கள். சிவப்பு மேலும் சிவக்கிறது. மக்கள் அறிவியல் தளங்களின் ஒளிப்படங்களைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்றார் இன்னொரு நண்பர். அவை பேருதவி, மறுக்கவில்லை. 'இந்தியச் சிள்வண்டுகள்' போன்ற இணையத்தளங்களால் என் போன்றவர்களின் பல ஆண்டு உழைப்பு மிச்சமாகியிருக்கிறது. ஆனாலும் நெருங்கிய சிற்றினங்களை உறுதிசெய்ய ஆணின் இனப்பெருக்க உறுப்பையோ பாட்டையோ பார்த்தாகவேண்டும். முதுகுப் படம் போதாது. அதோடு, அந்தப் புள்ளிகளும் சாலைகளையும் நகரங்களையும் விடுதிகளையும் ஒட்டியே குவிகின்றன. தேயிலைத் தோட்டத்து வரைபடம் கைப்பேசி வரைபடமாக மாறியிருக்கிறது.

பொறுமையாகச் செய்தால் பரவல் ஆய்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் சான்று உண்டு. ஆம்ஸ்டர்டாமில் ஹான்ஸ் டஃபெல்ஸும் டி புவரும் பேரினம் பேரினமாக எடுத்து, ஒவ்வொன்றையும் முழுமையாகத் திருத்தி எழுதினார்கள். அதன் பிறகே, சுலவேசியிலும் நியூகினியிலும் மேற்குப் பசிபிக் தீவுகளிலும் சிள்வண்டுகள் பரவியிருக்கும் விதம் பழைய தீவு வளைவுகளும் நிலத்தட்டுகளும் நகர்ந்த கதையைச் சொல்கிறது என்று 1996-இல் வாதிட்டார்கள். வெகுதூரம் பறக்காத பூச்சி என்பதால் அது நிலத்தின் வரலாற்றைச் சுமக்கிறது. இந்தியத் தட்டின் கதைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களின் கதைக்கும் அப்படியொரு சாட்சி நம்மிடம் காத்திருக்கலாம். அதற்கு முதல் படி வகைப்பாட்டுத் திருத்தம். நம் துறைகளிலோ ஒரு பேரினத்தின் திருத்தத்தை ஆய்வேடாக முன்வைத்தால், இதில் கருதுகோள் எங்கே என்று கேட்கிறார்கள். இரண்டு சிற்றினங்கள் ஒன்றா இரண்டா என்பதைவிடத் தெளிவான கருதுகோள் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே இரண்டாம் இயலின் இடத்தில் சிறிய ஒன்று வரும். ரி-போயில் ஒரே ஒரு மலைச்சரிவு. அங்கே மூன்று ஆண்டுகளில் நான் பதிந்த பாட்டுகள், பாடும்போதே பிடித்து வைத்த ஆண் மாதிரிகள், மரங்களிலிருந்து பொறுக்கிய உரிசட்டைகள், ஊரார் சொன்ன பெயர்கள், அவர்கள் எண்ணிய ஆண்டுகள். எத்தனை சிற்றினம் என்ற கேள்விக்கு ஓர் அட்டவணை. அதில் பல வரிசைகளில் பெயர் இருக்காது, பாட்டின் எண் மட்டும் இருக்கும். ஆய்வுக்குழுவில் ஒருவர் இது பின்னடைவு என்றார். இருக்கலாம்.

தோழர்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன். விதர்பா, சத்தீஸ்கர், ஒடிசாவின் மேற்கு மாவட்டங்கள், தெலங்கானா ஆகிய இடங்களில் வேறு எந்த ஆய்வுக்காகக் களத்தில் இருந்தாலும், கோடையில் அடிமரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் காலியான உரிசட்டைகளைத் தேதியும் மரத்தின் பெயரும் எழுதி ஒரு தீப்பெட்டியில் இட்டு வையுங்கள். உயிருள்ள எதையும் பிடிக்கவேண்டாம். காப்புக்காடாக இருந்தால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு எடுங்கள். உரிசட்டை ஒன்று இருந்தாலே அங்கே ஒன்று வாழ்ந்து மேலே வந்தது என்பது உறுதி; வரைபடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் குறையும்.

இன்னொன்று என் சொந்தத் தேவை. என் உதவித்தொகை 2026 ஜனவரியோடு முடிகிறது. நியாங்தாசெர் அவ்வாண்டு மே மாத வாக்கில் மேலே வரவேண்டும். தங்குவதற்கு அந்தக் கொங்கின் வீட்டிலேயே இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆய்வகத்துக் கருவிகளை ஜனவரியில் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். ஆறு வாரத்துக்கு ஒலிப்பதிவுக் கருவி ஒன்று இரவல் தரக்கூடியவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.